கதவுக்கு இப்புறம்

குழந்தைக்கென்று தனியறை ஒன்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவர்கள் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். சிறிய அறை, ஒற்றைச் சன்னல். சுவரோரம் தொட்டிலைப் பொருத்திவிட்டு, லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் கைகளைத் தட்டிக்கொண்டான்.

"மகாராணிக்கு அரண்மனை ரெடி. நமக்கு ஹால்ல ஒரு மூலை கிடைச்சா போதும்."

மனைவிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் அவளுக்கு வேலை. மகள் சிட்டு பிறந்த நாள்முதல் தோளைவிட்டு இறங்கித் துயின்றதில்லை; ஈன்றவளும் துயின்றதில்லை. முன்தினம், காய்ச்சல் கண்ட ஒரு பிள்ளைக்குப் பெரியவர்களுக்குரிய மருந்தை எடுத்து நீட்டிவிட்டாள். உடன் வேலை செய்யும் மூத்தவர் பார்த்துப் பறித்ததால் அந்தப் பிள்ளை பிழைத்தது. அந்த மருந்தை வாங்கப் பிள்ளையின் தாய் நன்றியோடு கை நீட்டிய காட்சி மட்டும் அவள் கண்ணைவிட்டு அகலவில்லை.

குழந்தை மருத்துவர் இரண்டு வழிகள் சொல்லியிருந்தார். தொட்டிலருகே நாற்காலி போட்டு அமர்ந்து, நாளடைவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல்பக்கம் நகர்த்திக்கொண்டே போவது ஒன்று. விழித்திருக்கும்போதே கிடத்திவிட்டு வெளியேறி, அழுதாலும் பொறுத்திருந்து பின்பே எட்டிப் பார்த்து, பொறுக்கும் நேரத்தை இரவுக்கிரவு நீட்டுவது மற்றொன்று.

"நாற்காலியே நல்லதும்மா. பச்சப் புள்ள, பாவம்" என்றான் கணவன்.

"அதுக்கு எத்தனை நாளாகும்னு யாருக்குங்க தெரியும்? அதுக்குள்ள நான் யாரையாவது கொன்னுடுவேன்."

இரண்டாவது வழியே முடிவாயிற்று. ஓர் உடன்பாடு மட்டும் செய்துகொண்டார்கள்: யாராவது மனம் இளகி உள்ளே போய்விட்டால், மற்றவர் அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது, குத்திக்காட்டவும் கூடாது. சண்டைக்கு அஞ்சிச் செய்துகொண்ட ஏற்பாடு.

முதல் இரவு அழுகை வீட்டையே அறுத்தது. அவள் படுக்கையறையில் தலையணையைப் பற்களால் கவ்விக்கொண்டு கிடந்தாள். கணவன் கூடத்தில் படுத்திருந்தான். திடீரென்று அழுகை தணிந்தது. சுவருக்கப்பால், பிஞ்சு முதுகில் உள்ளங்கை விழும் மெல்லோசை.

தட்... தட்... தட்...

இளகிவிட்டார் என்று நினைத்தாள். நன்றியோடு உறங்கிப்போனாள்.

காலையில் அவன் அவளைப் பார்த்து ஒரு மாதிரியாகப் புன்னகைத்தான், அவளும் புன்னகைத்தாள். கேட்கக் கூடாதல்லவா? இப்படியே இரவுகள் கழிந்தன. மருந்தகத்தில் அவள் ஒரு மருந்தையும் மாற்றி எடுக்கவில்லை. "ஆளே மாறிட்டியேம்மா" என்றார் மூத்தவர்.

பின்னொரு நாள் இருவருமாகச் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சிட்டு அழத் தொடங்கினாள். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

அழுகை தணிந்தது.

தட்... தட்... தட்...

அவன் கையிலிருந்த குவளை நழுவியது.

"தினமும் நீதானே போன?" என்றான்.

"நான் ஒரு நாளும் போகலைங்க."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்கள். அறையில் ஈரத்துணியும் புளித்த பாலும் கலந்த வாடை. ஒருவரும் இல்லை. குழந்தையின் முதுகு மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லிட்டிருந்தது. வாரியெடுத்தாள். சிட்டு வீறிட்டு, தாயின் தோளுக்கு மேலாக, வெறுஞ்சுவரை நோக்கி இரு கைகளையும் நீட்டினாள்.

அதன்பின் தாயின் தோளும் தந்தையின் மடியும் சிட்டுவுக்கு வேண்டாதவை ஆயின. அந்த அறைக்கதவைப் பார்த்துப் பார்த்து அழுதாள். குரல் கம்மியது, முகம் சுண்டியது, பாலையும் மறுத்தாள். கணவன் வேறு வீடு தேடி அலைந்தான். தாய்க்கோ, அறிந்த திருநாமங்கள் எல்லாம் நாவில் வந்து ஒன்றோடொன்று முட்டி நின்றன. ஒன்றையும் முழுதாய்ச் சொல்லி முடிக்கும் தெளிவு அவளிடம் எஞ்சவில்லை.

ஒரு மாலை, பழுதான லிஃப்டில் யாரோ சிக்கிக்கொண்டதாக அழைப்பு வந்தது.

"அந்தக் கதவுப் பக்கமே போகாத. ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான் கணவன்.

சிட்டு அழவும் திராணியற்று விக்கினாள். உதடுகள் வெளுத்திருந்தன.

"ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினாள் தாய், யாரிடமோ. "அவ கண்ண மூடினதும் எடுத்துக்கறேன்."

தொட்டிலில் கிடத்தினாள். வெளியே வந்தாள்.

கதவைத் தன் கையாலேயே சாத்தினாள்.

தட்... தட்...

விக்கல் அடங்கிற்று. மூச்சு சீராயிற்று. போதும் என்று கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாளே இல்லாத அந்தக் கதவு அசையவில்லை. தோளால் மோதினாள், நகங்களால் பிறாண்டினாள், அப்படியே சரிந்து, வாய்விட்டு அழுதாள்.

"எம் புள்ளையக் குடுத்துடு. என் தோள்லயே கிடக்கட்டும். ஆயுசுக்கும் நான் தூங்கல. குடுத்துடு."

உள்ளே தட்டும் ஓசை நின்றது.

வெறுங்காலடிகள் தரையில் உரசி வந்தன. கதவுக்கு அப்புறம், அவள் முகத்துக்கு நேரே, நின்றன. இடுக்கின் வழியே புளித்த பாலின் வாடை மூச்சைப்போல் வந்து வந்து போயிற்று.

கதவு திறக்கவில்லை. அவள் அழ அழ, அது அங்கேயே நின்றது. இன்னும் சற்று அழட்டும், தானே ஓய்ந்துவிடுவாள் என்று பொறுத்திருப்பதைப்போல.