லிஃப்ட் குழியில் ஒரு பித்தளை வில்லை

"ஐயோ... எலும்புக்கூடு!"

கான்க்ரீட்டை உடைத்துக்கொண்டிருந்தவன் கடப்பாரையை வீசிவிட்டு அலறினான்.

டெட்ராய்ட், 1958. நான்கு மாடி, சுவரெல்லாம் ஜன்னல் கண்ணாடி... ஊரே அண்ணாந்து பார்த்த கார் தொழிற்சாலை. அந்தக் காலத்தில் உச்சி மாடியில் தொடங்கும் கார், மாடி மாடியாக இறங்கித் தரைக்கு வரும். கார்களை வரிசையாக இழுத்துச் செல்லும் நகரும் சங்கிலி வந்ததும் வேலை முழுவதும் கீழ்த்தளத்துக்குப் போனது. வேண்டாமல் போன லிஃப்ட் குழிகளில் கான்க்ரீட் கொட்டி மூடினார்கள்.

இப்போது கட்டடத்தையே இடிக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் ஹாஸ்கெட் குனிந்து பார்த்தார். எலும்புக்கூட்டின் இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. பழைய தொழிலாளிகளிடம் விசாரித்ததும் ஒரு பெயர் கிடைத்தது. தாடியூஸ்!

மகள் யாத்விகா ஓடி வந்தாள். கூடவே கஸிமிர். அப்பாவோடு இதே தொழிற்சாலையில் வேலை பார்த்த கூட்டாளி, பிறகு அம்மாவுக்குத் துணையானவர்.

"அப்பாதான் சார்! பிரஸ் மெஷின்ல போன விரல்... எவளோடயோ ஓடிட்டார்னு இத்தனை வருஷமா திட்டினேனே! கிறிஸ்துமஸ் ராத்திரி அம்மா அவருக்குன்னு காலித் தட்டு வெப்பா... அதைப் பிடுங்கி வீசினேனே, பாவி!"



ஹாஸ்கெட் நம்பர் போட்ட பித்தளை வில்லையை நீட்டினார். "இவர் கைக்குள்ள இருந்துச்சு."

"அவனோடதுதான் சார்!" கஸிமிர் முந்திக்கொண்டார். "ஆளுக்கு ஒரு நம்பர். காலையில கேட்டுல எடுப்போம். போறப்ப மாட்டிட்டுப் போவோம்."

"மாட்டலைன்னா?"

"காவலாளி உள்ள போய்த் தேடுவான்."

யாத்விகாவின் அழுகை சட்டென்று நின்றது.

"அப்பாவோட வில்லை அன்னிக்கு கேட்டுல தொங்குச்சே! அதனாலதானே யாரும் தேடல? நீங்கதானே சித்தப்பா சொன்னீங்க?"

"அது வந்து..."

"அப்ப இது யாரோடது? பியர் உள்ள போனா ஒரே புலம்பல்தானே உங்களுக்கு! 'உங்கப்பன் ஓடின அன்னிக்கு என் வில்லை தொலைஞ்சுது, அநியாயமா அபராதம் போட்டாங்க'ன்னு..."

கஸிமிரின் முகம் வெளுத்தது.

"உங்கம்மா மேல ஆசைம்மா... மறுநாள் குழியை மூடப்போறாங்கன்னு தெரியும். பிடிச்சுத் தள்ளிட்டேன். அவன் வில்லையை முன்னாடியே திருடி வெச்சிருந்தேன்... நானே மாட்டினேன். விழறப்ப என் சட்டையில இருந்த என்னோடதைப் பிச்சுட்டுப் போயிட்டான்."

யாத்விகா குழியோரம் மண்டியிட்டாள். "மன்னிச்சிடுங்கப்பா... இந்த வருஷம் தட்டை நானே வெக்கிறேன்."

ஹாஸ்கெட் தொப்பியைக் கழற்றினார். பிறகு விலங்கை எடுத்தார்.

"தொலைஞ்சது கிடைச்சிடுச்சு, மிஸ்டர் கஸிமிர். கட்டின அபராதத்தைக் கம்பெனிகிட்ட திருப்பிக் கேட்டு எழுதுங்க... ஜெயில்ல பேப்பர் தருவாங்க!"