வாசனைத் துணி

விழுப்புரத்திலிருந்து வந்த பஸ் திண்டிவனத்தில் இறக்கிவிட்டபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அரசு ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டுக்குள் நுழைந்ததும் இருதயசெல்விக்கு உடம்பு குளிர்ந்தது. ஸ்பிரிட் வாடை. அதனடியில் லேசாகப் பால் வாடை. நர்ஸாக அவளுக்கு இங்கே முதல் நாள்.

"வாம்மா மகராணி, இப்பதான் பஸ்ஸு கெடச்சுதா?" என்றார் மூத்த நர்ஸ் கோவிந்தம்மாள்.

வார்டில் ஒரே குழந்தைதான். மேல்மலையனூர் கலைப்பிரியாவின் மகன். குறைமாதம். ரத்தத்தில் கிருமி, மூச்சுக்குழாயில் டியூப். தாய் மார்பில் வைத்திருந்த துணியை, வார்டு வழக்கப்படி, வாசனைக்காக அதன் தலைமாட்டில் வைத்திருந்தார்கள்.

மூலையில், குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர் தொட்டில் ஒன்று. காலி. ஆனால் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

"இத அணைக்கட்டுமா சிஸ்டர்?"

"அணைச்சா பேஜாருடி. உட்டுடு."

டாக்டர் சித்தார்த்தன் வந்து பார்த்தார். "மொதல்ல குடுத்த ஆன்டிபயாடிக் கேக்கல. கல்ச்சர் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் தாங்காது. மெரோபெனமுக்கு மாத்திடுங்க." குழந்தை உடம்பை முறுக்கியது. "டியூப்போட சண்ட போடுது பாருங்க. மிடாசோலம் குடுத்துத் தூங்க வைங்க." பிரசவ அறையிலிருந்து அழைப்பு வர, ஓடினார்.

செல்வி தூக்க மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

குழந்தை அழும் சத்தம் கேட்டது. மெலிந்த, இழுபட்ட அழுகை.

"பாவம், எப்படி அழுவுது சிஸ்டர்."

கோவிந்தம்மாளின் கை நின்றது. "டியூப் போட்ட கொழந்த அழுதா சத்தம் வராதுடி."

செல்வி குனிந்து பார்த்தாள். குழந்தையின் வாய் கோணியது. சத்தமில்லை.

அழுகை மூலையிலிருந்து வந்தது.

ஊசியைக் கீழே வைத்தாள். அடங்கியது.

எடுத்தாள்.

வீறிட்டது.

"மருந்து வேணாம்," கோவிந்தம்மாள் கிசுகிசுத்தார். "டியூப்பப் பாரு. ஜல்தி!"

உறிஞ்சு குழாயை விட்டதும் கெட்டியான சளி வந்தது. நீலம் பாரித்திருந்த உதடுகள் மெல்லச் சிவந்தன. மூச்சுக்குத்தான் அப்படித் தவித்திருக்கிறது. தூங்க வைத்திருந்தால் தவிப்பதே தெரியாமல் போயிருக்கும்.

"அந்தத் தொட்டில்ல கெடந்த கொழந்தைக்கு அப்படித்தான் ஆச்சு." கோவிந்தம்மாள் மூலைப் பக்கம் திரும்பவில்லை. "தூங்க வெச்சோம். முழிக்கவேயில்ல. பெத்தவளும் பிரசவத்துலயே போயிட்டா. வாசனத் துணி வெக்கக்கூட நாதியில்ல."

செல்விக்கு மனசு கேட்கவில்லை. கலைப்பிரியாவின் துணியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைக் காலித் தொட்டிலில் விரித்தாள்.

"அடிப்பாவி, யாரோட துணிய யாருக்கு வெக்கற?"

அதன்பின் மூலையில் சத்தமே இல்லை. ஒருநாள் ஹீட்டரை அணைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

மாற்றிய மருந்து கேட்டது. டியூப்பை எடுத்தார்கள். பையன் பிழைத்து ஊருக்குப் போனான்.

அடுத்த மாதம் செக்கப்புக்கு வந்திருந்தபோது, வராந்தா பெஞ்சில் கலைப்பிரியா அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

"பால் பத்துதாக்கா?" செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பத்தலயே சிஸ்டர். இவன் ஒரு பக்கந்தான் குடிக்கிறான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பக்கமும் வத்திப்போவுது."

குழந்தை வலது மார்பில் கண்மூடிக் குடித்துக்கொண்டிருந்தது.

இடது பக்கம், முந்தானைக்கு அடியில், ஏதோ மெல்ல மெல்ல உறிஞ்சி அசைந்தது.