இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில்

மேல் அறை ஜன்னலில் ஆவி படிகிறது என்று வீட்டுக்காரர் போனில் சொன்னபோது எனக்கு அது புதிய விஷயமாகப் படவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் புகுந்தால் அப்படி ஆவதுண்டு. ஓரத்துப் பசை விட்டிருக்கும். அதைப் போட்டவன் நான்தான் என்பதால் அளவு என்னிடமே இருந்தது. புதிதாக ஒன்று செய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஒரு மத்தியானம் போய் இறங்கினேன்.

அந்தத் தெருவில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே காதில் விழாது. ஒரு முனையில் பஸ் டிப்போ, மறுமுனையில் இரும்பு அறுக்கும் பட்டறை. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் போன வருஷம் அந்த வீட்டின் ஆறு மர ஜன்னல்களையும் பெயர்த்தெடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடச் சொன்னார்கள். எண்பது வருஷத்து மரம். உளி வைத்தால் உளிதான் மழுங்கியது. ஆனால் கதவுகள் சட்டத்தில் சரியாக உட்காராது. காற்றடித்தால் கடகடவென்று ஆடும்.

செலவைக் கேட்டு வீட்டுக்காரர் மலைத்துப் போனார். நான் சொன்ன தொகையில் வீடு முழுக்க வெள்ளையடித்து, கூரை ஒழுகலையும் அடைத்துவிடலாம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கயாவது குறைக்க வழி இருக்கா?"

வழி சொன்னது நான்தான்.

"மேல் ரூம் ஜன்னலைத் திறக்காத மாதிரி போட்டுரலாம் சார். கீல் வேணாம், தாழ்ப்பாள் வேணாம். அந்த ஒண்ணுல பாதிக்குப் பாதி மிச்சம்."

மேல் அறையில் அவருடைய அண்ணன் படுத்திருந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியைப் படிக்க வைத்தவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் அளவெடுக்கக் குனிந்தபோது என் சட்டை நுனியைப் பிடித்தார். பேச்சு குழறலாகத்தான் வந்தது.

"தம்பி... திறக்கிற மாதிரி போடுப்பா."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கூலி கொடுக்கிறவர் பேச்சைத்தானே கேட்க வேண்டும்?

கேட்டேன்.

இப்போது அந்த அறையில் கட்டில் இல்லை. "அண்ணன் போய் மூணு மாசம் ஆச்சு" என்றார் வீட்டுக்காரர், நான் கேட்காமலே. அவர் மனைவி மேலே வரவில்லை. பாதிப் படியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் காது அடைத்தது. டிப்போ இல்லை. பட்டறை இல்லை. என் வேலை அவ்வளவு சுத்தம். மூடிய பெட்டிக்குள் நிற்பது போலிருந்தது. மருந்து வாடை இன்னும் போகவில்லை. அது போகத்தான் வழி எங்கே இருந்தது?

கண்ணாடியில், என் இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஆவி.

உள்பக்கம் துடைத்தேன். போகவில்லை. ஏணி வைத்து ஏறி வெளிப்பக்கம் துடைத்தேன். போகவில்லை. நடுவில்தான் இருந்தது. பசை விட்டிருந்தால் ஈரம் ஓரத்திலிருந்து பரவும். இது ஓரத்தைத் தொடவே இல்லை.

ஏணியில் நின்றபடி பார்த்தேன்.

வட்டம் சுருங்கியது.

விரிந்தது.

சுருங்கியது.

என் மூச்சும் அதோடு சேர்ந்து போய்வருவது அப்புறம்தான் உறைத்தது. மூச்சை அடக்கினேன்.

அது அடங்கவில்லை.

"கண்ணாடிக்காரரே."

ஏணியிலிருந்து விழாதது என் நல்ல நேரம். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் தையல் மிஷினுக்குப் பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். குறுகலான தெரு, எட்டிப்பிடிக்கிற தூரம்தான். குரலைத் தாழ்த்தி, டிப்போ சத்தம் ஓய்கிற நேரம் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"அவரு செத்த அன்னைக்கு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பொழுது சாயுறதுக்குள்ள வந்துர்றோம்னு அவரைத் தனியா விட்டுட்டுப் போனாங்க. வந்தது மறுநாள் மத்தியானம். மர ஜன்னல் இருந்தப்ப அவரு இருமினாலே எனக்குக் கேக்கும். ஓடிப் போய்ப் பாப்பேன். என்கிட்ட ஒரு சாவிகூட இருக்கு."

"அன்னைக்கு ஒண்ணும் கேக்கலையா?"

"தவழ்ந்து கண்ணாடிகிட்ட வந்தாரு. வாயைத் திறந்து திறந்து மூடுனாரு. சத்தமே இல்ல. தனக்குத்தானே பாடிக்கிறாரு போலன்னு நெனைச்சேன்."

கையிலிருந்த துணியை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"சிரிச்சுக்கிட்டே கையைக் காட்டினேங்க."

எப்படிப் பழைய கண்ணாடியைக் கழற்றினேன், எப்படிப் புதியதைப் பொருத்தினேன் என்பது எனக்கு நினைவில்லை. கை தானாக வேலை செய்தது. கழற்றியதைப் போர்வையில் சுற்றி வண்டியில் என் பக்கத்து இருக்கையில் சாய்த்துக் கொண்டுவந்தேன். நல்ல கண்ணாடியைத் தூக்கி எறிய மனம் வராது. பிரித்தால் இரண்டு துண்டு மிஞ்சும். அதுதான் என் புத்தி.

என் பட்டறையில் மேஜைமேல் கிடத்தி, ஓரத்துப் பசையில் கத்தியை இறக்கினேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நான்கு ஓரமும் அறுத்து முடித்து, மேல் கண்ணாடியைத் தூக்கினேன்.

அந்த மருந்து வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

அதற்குப் பின்னால், என் காதோரமாக, குழறலாக, ஒரு வருஷம் முன்பு கேட்ட அதே குரல்.

"தண்ணி..."

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். என் செலவிலேயே திறக்கிற ஜன்னல் போட்டுத் தருகிறேன் என்றேன். வீட்டுக்காரர் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"யாருக்குத் திறக்கணும்?" என்றார். "போனவர் போயாச்சு. இப்ப கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு. ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அது உண்மைதான். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் வேறொரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். மழை வரும்போல் இருந்ததால் வண்டியின் கதவுக் கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு இறங்கினேன். கதவைத் திறந்த அம்மா, என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார்.

"கூட வந்தவரை ஏன் வண்டியிலயே விட்டுட்டீங்க?"

"நான் தனியாத்தாம்மா வந்தேன்."

கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தார்.

"அவரு என்னமோ சொல்லிக்கிட்டே இருக்காரே. கண்ணாடி ஏத்தியிருக்கு. ஒண்ணும் கேக்கல."