நான்காவது வால்வு

மனிதக் குரலுக்கு அழிவே கிடையாது, அது என்றென்றும் வானத்தில் உலவிக்கொண்டிருக்கும் என்று வானொலி நிலையத்தின் தலைமைப் பொறியாளர் மேடைதோறும் முழங்குவார். அந்தச் சிரஞ்சீவித்தனத்துக்காக ஒலிபரப்பு இயந்திரத்தில் இந்த மாதம் மட்டும் மூன்று வால்வுகள் உயிரை விட்டிருந்தன. இப்போது மாட்டியிருப்பது நான்காவது. கையிருப்பில் வேறு இல்லை.

மதிய இடைவேளையில் ஒலிபரப்பை நிறுத்திவிட்டு, குறையைத் தேடி அவரே இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்தார். வெந்த தூசியின் வாடை முகத்தில் அடித்தது. காற்றாடி ஓய்ந்து, சூடு ஆறும் தகடுகள் டிக் டிக்கென்று முனகி அடங்கிய பிறகும், குடம் அளவுள்ள அந்தக் கண்ணாடி வால்வுக்குள் கொசு ரீங்காரம்போல யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஓடும்போது உள்ளே பொறி பறந்தால், ஒலிபரப்பாகும் பேச்சு அந்தப் பொறியிலும் கேட்கும். அது பழகிய சங்கதி. ஆனால் இப்போது மின்சாரம் இல்லை.

காதுக்கு வயசாகிவிட்டது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

சுவருக்கு அப்பால், சுவிட்ச் அறையில், அவர் மனைவியின் தம்பி காவல். இருவருக்கும் ஒரே விதி: உள்ளே போனவர் "வெளியே வந்துட்டேன், போடு" என்று குரல் கொடுக்காமல், மின்சாரத்தைப் போடும் கைப்பிடியை அவன் தொடக்கூடாது. அந்தக் கைப்பிடிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடலாமே என்று அவன் போன வாரம்தான் கேட்டான். "என் தொண்டையை விடவா பூட்டு?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். கதவு திறந்தால் மின்சாரத்தை வெட்டும் காப்பு சுவிட்சையும், பொறி எங்கே பறக்கிறதென்று பார்ப்பதற்காக, அவரே கம்பி சுற்றி முடக்கி வைத்திருந்தார்.

தப்பித்தவறி மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குள் இறக்கிவிடும் பூமிக் கம்பியின் கொக்கியை வால்வின் தலையில் மாட்டினார். அது இருக்கும்வரை மின்கசிவை அளக்க முடியாது. கழற்றினார். பின்பக்க வளையத்தைத் தொட இடுப்புவரை உள்ளே நுழைந்தார்.

செய்தி நின்றது.

"மச்சான்."

கணீரென்ற குரல். கொஞ்சம் மேடை வாசனை. அவருடைய குரல்.

மீட்டர் முள் பூஜ்யத்தில். இழை கறுத்துக் கிடந்தது. ஆனாலும் கண்ணாடிக்குள் நகத்தளவு நீலம், மூச்சு வாங்குவதுபோல விரிந்து சுருங்கியது. அவர் மூச்சைப் பிடித்தார். நீலமும் பிடித்தது.

"வெளியே வந்துட்டேன், போடு."

சுவருக்கு அப்பால் நாற்காலி நகர்ந்தது.

"சரி மாமா. கதவைச் சாத்திட்டீங்கல்ல?"

"சாத்திட்டேன்" என்றது வால்வு.

கத்த வாயைத் திறந்தார். வெறும் காற்று. குரல் வேறிடத்தில் உபயோகத்தில் இருந்தது. பின்னால் நகரப் பார்த்தார். முடியவில்லை. காலடிகள். கைப்பிடி கிரீச்சிட்டது. முகத்தருகே நீலம் பெருகியது.

தொப்பை கதவுச் சட்டத்தில் சிக்கியிருந்தது.