நீல டிரம்மில் எண்ணெய் வாசம்

மண்ணிலிருந்து தன் தலை எண்ணெய் வாசம் வந்ததுதான் வேலம்மாவுக்கு முதலில் உறுத்தியது. கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டு அவளே காய்ச்சுகிற எண்ணெய். அடையாறு பங்களாவின் மொட்டைமாடியில், மூலையில் நின்ற நீல டிரம்முக்குள் அதற்கு என்ன வேலை?

இந்த மாடிச் செடிகளுக்கு அவள் பயந்ததே இல்லை. தண்ணீர் குடித்ததும் ஏப்பம் விடும் குரோட்டன்ஸ், பக்கத்துத் தொட்டிப் பூவை எட்டிக் கிள்ளும் செம்பருத்தி, திட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் ஒரு கள்ளி. "உன் மாமியா மாதிரியே கீதுடி" என்று அவள் சொன்னதற்கு வைதேகி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே வைதேகிதான். இருவரும் சித்தாளாக இருந்த காலத்தில் ஒருத்தி தலையிலிருந்து இன்னொருத்தி தலைக்குக் கலவைச் சட்டி மாறும். ஆற்றங்கரைக் குடிசையைப் பிரித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டபோதும் அடுத்தடுத்த கதவுதான்.

நீல டிரம்மில் வளர்ந்த கொடிக்கு மட்டும் வைதேகியே தண்ணீர் ஊற்றுவாள். இன்றைக்கு இடுப்பு வலி என்று படியில் உட்கார்ந்துவிட்டு வேலம்மாவை அனுப்பினாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கீழே ரோட்டில் பஸ் இரைச்சல், தூங்குமூஞ்சி மரத்தில் அடையும் காக்கைகளின் சண்டை, பக்கத்து வீட்டுச் சாம்பிராணி, இவற்றுக்கு நடுவே அந்த எண்ணெய் வாசம் மட்டும் ஈரத்தோடு கனத்து அவள் மூக்கருகே நின்றது. குவளையைச் சாய்த்தாள். குரோட்டன்ஸ் ஏப்பம் விடவில்லை. கள்ளி திரும்பிக்கொண்டது. யாரும் திட்டவில்லை.

மண்ணைக் கிளறினாள். முடி. இரண்டு விரலில் சுற்றி முடிந்த உருண்டை, மருதாணி ஏறிய செம்பட்டை. அவளுடையது. சீவும்போது உதிர்வதைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் செருகி வைப்பாள். முடி வாங்குகிறவனிடம் போட்டுவிடுகிறேன் என்று வைதேகி எடுத்துப்போவாள்; பதிலுக்கு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த டம்ளரில்தான் காலையில் டீ குடித்தாள்.

கிளறக் கிளற உருண்டைகள்.

படிக்கதவில் தாழ்ப்பாள் விழுந்தது.

ஓடிப்போய்த் தட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"அந்தக் கொடி என் பொண்ணு தலைய மோந்துட்டுச்சி, யக்கா. வேற ஆளக் காட்டுனாத்தான் வுடும்."

"கதவத் தொறடி."

"எனக்கு அவ ஒருத்திதான் கீறா. உனக்கு யாரு கீறா?"

நீதான்டி கீற, என்று வாய் வரைக்கும் வந்தது.

பிடரியில் குளிர்ச்சி. எண்ணெய் வாசம். கொண்டை அவிழ்ந்தது. மெல்லிய நுனிகள் முடிக்குள் நுழைந்தன, சிக்கெடுத்தன, வகிடு பிரித்தன. வலிக்கவில்லை. மூன்று கால் பிரித்துப் பின்ன ஆரம்பித்தது கொடி. கதவிடுக்கில் வைதேகியின் கால்விரல்கள். அசையவில்லை.

பின்னல் நுனியிலிருந்து மேலே ஏறியது. தோள். கழுத்து. காதோரம்.

முடி தீர்ந்தது. பின்னல் நிற்கவில்லை.