உள்ளார ஆருங்க?

காலி கோடவுனில் பேசினால் எதிரொலி கேட்க வேண்டும். கேட்கவில்லை. தரணீதரன் வேண்டுமென்றே கனைத்துப் பார்த்தார். அந்தக் கனைப்பும் வாயைத் தாண்டியதும் காணாமல் போனது.

அருள்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பவர் கட். பக்கத்து கம்பெனியின் ஜெனரேட்டர் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. தீப்பிடித்து ஒரு வருஷம் ஆகியும், கரிந்த பனியன் துணியின் நெடி நேற்று எரிந்தது போல மூக்கில் ஏறியது. தெக்கத்திப் பக்கமிருந்து தையலுக்கு வந்த முத்துப்பேச்சி இங்கேதான் வெந்து செத்தாள். தீப்பிடித்ததும் ஷட்டரை இழுத்துவிட்டவர் முதலாளி அப்புசாமி, வக்கீல் தரணீதரனின் கட்சிக்காரர்.

ஷட்டரை இறக்குமுன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று குரல் கொடுப்பது இந்தப் பக்கத்து கம்பெனிகளில் வழக்கம். கொடுத்தேன், பதில் வரவில்லை என்பதுதான் அப்புசாமி போலீசில் சொன்னது. இன்று காரில் வரும்போதுதான் உண்மையைக் கக்கினார்.

"பதில் வந்துச்சுங்க. 'நான் இருக்கேன் முதலாளி'ன்னா. எம்மேல போலீசுக்குப் போறேன்னு நின்னவ அவ. அதான் இழுத்து உட்டுட்டேன்."

 தரணீதரன் வாயால் பிழைக்கிற மனிதர், நாளைக்கு வாதம். அன்று போல ஜெனரேட்டர் ஓடினால் உள்ளே கத்துவது வெளியே கேட்காது என்று காட்டிவிட்டால் கட்சிக்காரர் தப்பித்தார்.

"நான் உள்ள நின்னு கத்தறேனுங்க. கேக்குதான்னு பாத்துட்டு உடனே தொறந்துருங்க."

ஷட்டர் சடசடவென்று இறங்கியது. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. தீயில் நெளிந்த அடித்தகட்டின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் வெயில் தெரிந்தது.

"உள்ளார ஆருங்க?" வெளியே அப்புசாமி கூப்பிட்டார்.

"நான் இருக்கேனுங்க!"

வாய் அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி கத்தினார். இல்லை. தகரத்தை இரண்டு கையாலும் அறைந்தார். பஞ்சு மூட்டையில் குத்தியது போல இருந்தது. 

அப்போது வெளியே ஒரு குரல். அவருடைய குரல். கோர்ட்டில் எழுந்து நின்றதும் வருமே, அதே கனத்த குரல்.

"ஒண்ணுமே கேக்கலீங்க. பூட்டிருங்க."

"அட, நீங்க எப்ப சார் வெளிய வந்தீங்க?" அப்புசாமி சிரித்தார். "அப்ப கேஸ் ஜெயிச்ச மாதிரிதானுங்க!"

பூட்டு விழுந்தது.

தரணீதரன் குப்புறப் படுத்து இடுக்கில் கண்ணை வைத்தார். அப்புசாமியின் தோல் செருப்பு. பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள். கரிக்கட்டை. விரலிடுக்கில் வெந்து ஒட்டிய துணி. ஒற்றைக் கொலுசு.

"வாங்க சார், கார்ல ஏறுங்க."

"வாரனுங்க. இனி எல்லாம் நானே பேசிக்கறேன்," என்றது அவருடைய குரல்.

கால்கள் நடந்தன. அவை மிதித்த இடமெல்லாம் சிமெண்டுத் தரை புகைந்தது.