வெறும் சுவரில் ஒரு நீலத் தொப்பி

காலை பத்தே கால் மணிக்கு அணு உலை தானாக அணைந்துகொண்டது. அதற்கு முன் அடித்திருக்க வேண்டிய அலாரம் அடிக்கவே இல்லை.

நல்லவேளை, அது நிஜ உலை அல்ல. ஒத்திகை அறையின் கணினிக்குள் மட்டும் ஓடும் உலை. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒழுங்குமுறை வாரியத்து அதிகாரிகள் மூன்று பேரும் நிஜம். தண்ணீர் பம்ப் நின்றால் புதிய திரையில் உடனே அலாரம் வரும், ஆப்பரேட்டர் மாற்றுப் பம்பை ஓட்டிவிடுவார் என்று காட்டத்தான் அவர்களை வரவழைத்திருந்தார்கள். பம்ப் நின்றது. திரை வாயே திறக்கவில்லை. மேசையில் இருந்த ஆப்பரேட்டருக்கு, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் அந்த ஆளுக்கு, ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். சுவரின் வலக்கோடி மூலையை இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. பிறகு மற்ற அலாரங்கள் மொத்தமாக அலறியபோது காரியம் கைமீறிவிட்டது.

வாரியத்தினர் மரியாதையாக எழுந்து போனார்கள். அந்த மரியாதைதான் திட்ட மேலாளரைப் பயமுறுத்தியது.

அவளுடைய திட்டம் சொல்வதற்கு எளிது. முதல் உலையின் கட்டுப்பாட்டு அறையில் சுவர் முழுக்க இருக்கும் சுவிட்சுகளையும் முள் மீட்டர்களையும் அலார விளக்குகளையும் கழற்றிவிட்டுத் திரைகள் வைக்க வேண்டும். எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும்போதுதான் அதில் கைவைக்க முடியும். அந்த நிறுத்தம் அடுத்த மாதம். அதை விட்டால் இன்னும் ஒன்றரை வருடம் எல்லாம் பரணில் கிடக்கும். இதற்காக நாலு வருடமாக அவள் தூக்கத்தையும் தலைமுடியையும் கொடுத்திருந்தாள். ஒத்திகை அறையைக்கூடப் பழைய அறையின் அதே அளவில், அதே வளைவில், இரும்புத் தகடுகளால் கட்ட வைத்தவள் அவள்தான்.

காரணம் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. முந்தின நாள் மாலை யாரோ ஆப்பரேட்டர் மேசையில் உட்கார்ந்து அந்த ஓர் அலாரத்தை மட்டும் அடக்கி வைத்திருந்தார்கள். மேசைக்குப் பொதுவான கடவுச்சொல் என்பதால் யார் என்று கணினிக்குத் தெரியாது. கதவோ உள்ளே வருபவரின் அட்டையை மட்டும் பார்க்கும், வெளியே போகிறவரைக் கண்டுகொள்ளாது. அன்று மாலை மூன்று பேர் மாறி மாறி உள்ளே போயிருந்தார்கள். ஒன்று நெட்டை. இரண்டு, திரைகளை வடிவமைத்த இளம் பொறியாளர். எதைச் சொன்னாலும் திரையில் ஒரு சதுரம் வரைந்து அதற்குள் போட்டுவிடுவதால் அவளுக்கு டப்பா என்று பெயர். மூன்று, முதல் உலையின் ஷிப்ட் தலைவர். ஆலை முழுக்க அவரை அண்ணன் என்பார்கள். மேலாளர் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டாள், அவர் அவளுடைய கணவர்.

இயக்குநருக்குச் சந்தேகமே இல்லை. அலாரத்தை அடக்கினால் திரையில் ஒரு மஞ்சள் குறி வர வேண்டும். இரண்டு நாளாக அந்தக் குறி பழுதாகி வரவில்லை. அது தெரிந்தவர்தான் இதைச் செய்திருக்க முடியும், தெரிந்தவள் டப்பா. மாலைக்குள் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு வாரியத்துக்குச் சொல்லப்போவதாக அவர் சொன்னார். அதுவரை டைம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள் மேலாளர்.

டப்பா அழுது முடித்து, முகத்தைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"குறி வரலன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. உங்களுக்கு."

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம். ஒத்திகை முடியட்டும், நாமளே வாரியத்துல சொல்லிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க யார்கிட்டயாவது?" என்றாள்.

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்."

அவள் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்பினாள்.

நெட்டையை அவள் ஒத்திகை அறைக்கே கூப்பிட்டு நிற்க வைத்து விசாரித்தாள். அவன் இரண்டாம் உலைக்காரன். முதல் உலை ஆட்கள் தங்கள் அறையை மாற்றுவதைப் பற்றி ஆயிரம் குறை சொல்வார்கள் என்று பயந்து, நடுநிலையாக இருக்கட்டும் என்று அவனைக் கடன் வாங்கியிருந்தார்கள். முந்தின நாள் நாற்காலியின் உயரம் சரிபார்க்க வந்ததாகச் சொன்னான். மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க மறுபடி வந்தானாம். வேறு எதையும் தொடவில்லையாம்.

"அப்போ அலாரம் வராதப்ப ஏன் அந்த மூலையைப் பார்த்தீங்க?"

நெட்டை அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "எங்க உலையில பம்ப் அலார விளக்கு அங்கதான் இருக்கும் மேடம். கண்ணு தானா போயிடுது."

பேசிக்கொண்டிருக்கும்போதே மேலாளரின் பார்வை எதிர்ப்பக்கம் போனது. இடக்கோடியிலிருந்து மூன்றாவது தகட்டின் மேல் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஏதோ நீலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்று மதியம் அவளே நின்று அந்தச் சுவரைத் துடைக்க வைத்திருந்தாள். அப்போது அது இல்லை.

அது தொப்பி என்றான் நெட்டை. காந்தம் வைத்த பிளாஸ்டிக் மூடி. பழைய அறைகளில் ஏதாவது அலாரத்தை அடக்கினால், அடுத்த ஷிப்டில் வருபவர் ஏமாந்துவிடக் கூடாது என்று அந்த விளக்கின் மேல் ஒரு தொப்பி போட்டுவிட்டுத்தான் எழுவார்கள். போடாமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது என்று பேச்சு. ஆப்பரேட்டர் எவன் பாக்கெட்டைத் துழாவினாலும் இரண்டு கிடைக்கும்.

"ஆனா இங்க வெறும் சுவரு. எவனோ விளையாட்டுக்கு ஒட்டிட்டுப் போயிருக்கான்," என்று சொல்லி அதைப் பிய்க்கப் போனான். மேலாளர் தடுத்துவிட்டாள்.

மதியம் கணவர் சாப்பாட்டுத் தூக்கோடு அவள் அறைக்கு வந்தார். எல்லாத் திரைக்கும் ஆப்பரேட்டர்கள் சார்பில் ஒப்புதல் சொன்ன குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் தலையாட்டியதால்தான் மற்றவர்கள் முணுமுணுக்காமல் வந்தார்கள்.

"சாப்பிடு," என்றார்.

"சாப்பிடுறேன்."

"சரி."

இது அவர்கள் வீட்டு விளையாட்டு. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் உத்தரவு சொன்னால் மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'சரி' என்ற பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகலாம். கல்யாணமான புதிதில் பால் வாங்கி வரச் சொன்னதற்கே அவர் இப்படித் திருப்பிச் சொல்லிவிட்டு வாசலில் காத்து நின்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து தொற்றிக்கொண்டது.

அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தப் பெண் அவசரக்காரி, அவளை நம்பியதுதான் தப்பு என்றார். ஒன்றரை வருடம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றார். அவளுக்கு அழுகை வந்தது. இந்த மனுஷன் ஒருத்தராவது பக்கத்தில் இருக்கிறாரே என்று நிம்மதியாகவும் இருந்தது.

மூன்று மணிக்கு அவள் முதல் உலையின் பார்வையாளர் மாடத்துக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பழைய அறை வழக்கம்போல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இடக்கோடியிலிருந்து மூன்றாவது தகடு. மேல் ஓரம். அங்கே இருந்த அலார விளக்கின் மேல் எழுதியிருந்ததைப் படிக்க அவளுக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை. தண்ணீர் பம்ப்.

நேரே இரண்டாம் உலைக்கு நடந்தாள். இரண்டு உலைகளையும் எதிரெதிராகக் கட்டியதால் இங்கே எல்லாமே இடம் வலம் மாறியிருக்கும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. பம்ப் விளக்கு வலக்கோடியில் இருந்தது, நெட்டை காலையில் அண்ணாந்து பார்த்த அதே மூலையில்.

ஆக, அலாரத்தை அடக்கிய கை பழக்கத்தில் பாக்கெட்டுக்குப் போய்த் தொப்பியை எடுத்து, விளக்கு இருந்த இடத்தில் வைத்துவிட்டது. விளக்கே இல்லாத அறை என்பதைக் கை யோசிக்கவில்லை. டப்பாவுக்குப் பழைய பலகையில் ஒரு நாள்கூட வேலை செய்த பழக்கம் இல்லை. நெட்டையின் கை வலப்பக்கம் போயிருக்கும். இடப்பக்கம் போகும் கை ஒன்றுதான் மிச்சம். மேலாளர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மஞ்சள் குறி? அது பழுது என்று வேறு யாருக்கும் தெரியாதே என்று கடைசியாக ஒரு நப்பாசை. அப்போதுதான் முந்தாநாள் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. குழம்பை ஊற்றிக்கொண்டே அவள்தான் புலம்பினாள், குறி வரவில்லை, டப்பா சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்று. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அதை அவள் யாரிடமோ சொன்னதாகக் கணக்கில் வைக்கவே இல்லை. புருஷனிடம் சொன்னதை யார் அப்படி வைப்பார்கள்?

ஐந்து மணிக்கு அவரை ஒத்திகை அறைக்கு வரச் சொன்னாள். கீழே டப்பா தன் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் காத்திருந்தாள்.

"கண்ணை மூடிக்கங்க," என்றாள் மேலாளர். "பம்ப் அலாரம் எங்க இருக்கு, காட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். கை எழுந்தது. பாதியில் நின்றது. கண்ணைத் திறந்து, தன் விரல் நீண்டிருந்த திசையில் அந்த நீலத்தைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு இறங்க வெகுநேரம் ஆனது.

"நான் வெச்சது எனக்கே ஞாபகம் இல்ல," என்றார்.

"தெரியும். ஞாபகம் இருந்தா எடுத்திருப்பீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். புதிய திரைகளுக்கான பயிற்சியில் அவர் மூன்று முறை தேறவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. திரையில் ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் மற்றவர்கள் முடித்துவிடுகிறார்களாம். அறை மாறினால் ஷிப்டிலிருந்து எடுத்து ஆபீசில் உட்கார வைத்துவிடுவார்களாம். பயிற்சியாளரைக் கெஞ்சி, வெளியே சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவ தள்ளிப்போனா போதும்னு நெனச்சேன். அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆகிடுவேன். அந்த மேசையிலருந்தே எழுந்து போயிடலாம்னு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்கிட்டயா? நீ அவ்வளவு சந்தோஷமா ஒவ்வொரு திரையா கொண்டுவந்து காட்டுவே. நான் என்னன்னு சொல்ல."

"அந்தப் பொண்ணு கீழ பையோட உக்காந்திருக்கா."

"சின்ன வயசு. வேற வேலை கிடைச்சிடும்னு..."

"மத்தியானம் என் தலையைத் தடவினீங்க," என்றாள் அவள். வேலையைக் கெடுத்ததை ஒருவேளை என்றைக்காவது மன்னித்துவிட முடியும். அந்தக் கையை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவள் நிமிர்ந்தாள்.

"இயக்குநர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

"இயக்குநர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்," என்றார் அவர். எழுந்து கதவுவரை போனார். அங்கே நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடப் பழக்கம், அந்த ஒரு சொல் வராமல் கால் நகராது.

அவளுக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. அது வீட்டுச் சொல். ஆனால் கீழே ஒரு பெண் பையோடு காத்திருந்தாள்.

"சரி," என்றாள், மேசையில் இருக்கும் முன்பின் தெரியாத ஓர் ஆப்பரேட்டரிடம் சொல்வதுபோல. அவர் போனார்.